பதினொரு பொய்களும் ஒரு பட்டுத் துணியும்

"ஒரு பட்டம் புழு கூடு கட்டறதுக்குள்ள அம்மிணி மூட்டையக் கட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிக்கும். வேணும்னா பாருங்க மாப்ளே."

என் தாய்மாமன் என் அப்பாவிடம் இப்படிச் சொன்னபோது நான் பக்கத்து அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்காது என்று நினைத்து அவர் சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் பட்டுப்புழு பொரித்து, தின்று, கூடு கட்டி முடிக்க ஒரு மாதத்துக்குச் சற்று மேலே ஆகும். அதுதான் ஒரு பட்டம். ஆக, மாமன் எனக்குக் கொடுத்த கெடு ஒரு மாதமும் சில நாட்களும். நர்ஸ் பயிற்சிக்கு என்னைக் கூப்பிட்டிருந்த மைசூர் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவரைவிடத் தாராளம். மூன்று மாதம் வைத்துப் பார்ப்போம், தேறினால் நர்ஸ் தொப்பி, தேறாவிட்டால் வீடு என்று கடிதம் எழுதியிருந்தார்கள்.

அந்தக் கடிதத்தை எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பா கட்டைவிரல் வைப்பவர். அம்மா அதுவும் வைக்கவேண்டி வந்ததில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது தேறி நான் வாங்கி வந்த சர்ட்டிபிகேட்டை அம்மா தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுப் பட்டில் நெய்த ஒரு முழத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். கல்யாணப் பத்திரிகைக்குக்கூட எங்கள் வீட்டில் அப்படி ஒரு மரியாதை நடந்ததில்லை.

எங்கள் ஊர் ஹனூர் பக்கம். கொள்ளேகாலம் தாலுகா, கோயமுத்தூர் ஜில்லா, மதராஸ் மாகாணம். எங்கள் ஜில்லாவின் தலைநகருக்குப் போக மலை இறங்கி அலையவேண்டும். மைசூருக்கோ காலையில் பஸ் ஏறினால் பிற்பகலில் இறங்கிவிடலாம். ஆனால் மைசூர் அந்நிய தேசம். எங்கள் ராஜா கடல் தாண்டி லண்டனில் இருந்தார், யாரும் பார்த்ததில்லை. அவர்கள் ராஜாவோ தசராவில் யானை மேல் வீதியிலே போவார். இரண்டு ராஜாங்கங்களுக்கும் நடுவில் ஒரு சுங்கச்சாவடி. அங்கே ஒரு சேவகர் என் பெட்டியைக் கிளறி, பட்டுத் துணியைப் பிரித்து, உள்ளே இருந்த சர்ட்டிபிகேட்டை ஒதுக்கிவிட்டு, "பட்டு விற்கவா?" என்று கேட்டார். அதிலுள்ள காகிதத்தைப் படியுங்கள் என்றேன். அவருக்கும் படிக்க வராது போலிருந்தது. மரியாதையாக மடித்து வைத்துவிட்டார். அந்நிய தேசத்தில் நான் பெற்ற முதல் வெற்றி அது. அடுத்த வெற்றிக்கு வெகுநாள் ஆயிற்று.

என் கன்னடம் சந்தையில் கற்றது. இலை என்ன விலை, ரொம்ப அதிகம், குறைத்துக் கொடு, இவ்வளவுதான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதுகு வலி என்று முனகிக்கொண்டிருந்த ஒரு கன்னடத்து அம்மாளிடம் வலி எப்படி இருக்கிறது என்று விசாரிக்க விரும்பி, எனக்குத் தெரிந்த ஒரே கேள்வியான "எவ்வளவு?" என்பதைக் கேட்டேன். அந்த அம்மாள் வலியோடு தலையைத் திருப்பி, "சும்மாவே தருகிறேன், எடுத்துக்கொண்டு போ" என்றாள்.

பெண்கள் வார்டுக்குப் பொறுப்பு ஒரு சிஸ்டர். மைசூரின் மண்டி மொஹல்லாவில் பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர். அவருடைய தமிழில் பாதி கன்னடம், கால் பங்கு இங்கிலீஷ். மீதியைத்தான் எங்களைத் திட்டப் பயன்படுத்துவார். அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. பயிற்சிக்கு வந்த ஒவ்வொருத்திக்கும் அதில் ஒரு பக்கம். தப்புச் செய்தால் ஒரு கறுப்புப் புள்ளி. மூன்று புள்ளி விழுந்தவள் மேட்ரன் துரைசானி முன்னால் போய் நிற்கவேண்டும். அப்படி நின்றவர்கள் பெரும்பாலும் மறுநாள் பெட்டியோடு காணப்பட்டார்கள்.

என் முதல் புள்ளி இரண்டாம் நாளே விழுந்தது. அதற்கு என்னைக் குற்றம் சொல்வதா, நான் வளர்ந்த வீட்டைக் குற்றம் சொல்வதா என்று இன்னும் தெரியவில்லை. புழு வளர்க்கும் வீட்டில் வாசனை கூடாது. புழு இருக்கும் அறைக்குப் பக்கத்தில் யாரும் மிளகாய் வறுக்கமாட்டார்கள், சுருட்டுப் பிடிக்கமாட்டார்கள். மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு உள்ளே போனால் அம்மா கொண்டையோடு பிடுங்குவாள். காட்டமான வாடை பட்டால் புழு இலையை விட்டுத் தலையைத் தூக்கும், அப்புறம் சாகும். இதை நான் நடக்கக் கற்றபோதே கற்றவள். அன்று காலை வார்டுக்குள் நுழைந்தேன். முப்பது கட்டில். முப்பது பலவீனமான ஜீவன்கள். தரை முழுக்க பினாயில் நாற்றம், கண் எரிகிறது. எந்தப் பாவி இப்படிச் செய்தான் என்று பதறிப்போய், எட்டு வாளி நல்ல தண்ணீர் இறைத்துவந்து, ஒரு மூலை விடாமல் கழுவித் துடைத்தேன். ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தேன். நோயாளிகள் நன்றாக மூச்சு விட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சிஸ்டர் வந்தார். வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"பினாயில் எங்கே?"

"கழுவித் தள்ளிட்டனுங்க சிஸ்டர்" என்றேன். பாராட்டை எதிர்பார்த்து ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

"ஏன்?"

"நாத்தம் பட்டாச் செத்துப் போயிருமுங்க."

"எது?"

அப்போதுதான் நான் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே விளங்கியது. சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். சிஸ்டர் கொஞ்ச நேரம் முப்பது கட்டில்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இவங்கெல்லாம் மனுஷங்கம்மா. இலை திங்கமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தார். அன்றிலிருந்து விடுதியில் என்னோடு தங்கியிருந்த பெண்கள், சாப்பாட்டில் கீரை வந்தால் முதல் கரண்டியை என் தட்டில் போட்டுவிட்டுத்தான் சாப்பிட்டார்கள்.

இரண்டாவது புள்ளியும் அதே வியாதிதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேரே வார்டுக்கு வந்த சிஸ்டர் மேல் ஏதோ சென்ட் மணத்தது. ஒரு நோயாளிப் பெண் பக்கத்தில் அவர் குனிந்தபோது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கவேண்டும். அதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

இப்படி இரண்டு புள்ளியோடு மூன்றாவது மாதத்தில் கால் வைத்தேன். மாமனின் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் இன்னும் ஒரே ஒரு புள்ளி விழுந்தால் அவர் சொன்னது பலித்துவிடும். ஊரில் எட்டாவது படித்த ஒரே பெண் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்குவதை நினைத்தாலே எனக்குக் காது சிவக்கும்.

அந்தச் சமயத்தில்தான் கடைசிக் கட்டில் என் பொறுப்பில் வந்தது. அக்ரஹாரத்து ஐயங்கார் அம்மாள். மேல்கோட்டைப் பூர்வீகம், வயது முப்பத்தைந்து இருக்கும். பத்து நாட்களாக விடாத காய்ச்சல். வீட்டிலிருந்து வெள்ளிக் கிண்ணத்தில் பால் வரும், கஞ்சி வரும், சொம்பில் தண்ணீர் வரும். ஆஸ்பத்திரிச் சொம்பை அவர் கண்ணால்கூடத் தொடமாட்டார். நாங்கள் தொடுவதைப் பொறுத்துக்கொண்டார். "ஆத்துக்குப் போய் ஒரேயடியா ஸ்நானம் பண்ணிக்கறேன்" என்று எல்லாத் தீட்டையும் பின்னால் ஒரு நாளுக்குத் தள்ளிவைத்திருந்தார். நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் தெர்மாமீட்டர் வைத்துச் சூட்டைப் பார்த்து, கட்டில் தலைமாட்டில் தொங்கும் சார்ட்டில் எழுதுவது என் வேலை.

முதல் தடவை தெர்மாமீட்டரை நீட்டினேன். வாயைத் திறக்கவில்லை.

"இது யார் வாயிலெல்லாம் போய்ட்டு வந்தது?"

"மருந்துத் தண்ணியில கழுவியிருக்குதுங்கம்மா."

"கேட்டது அது இல்லேடி குழந்தே. யார் வாயில போய்ட்டு வந்தது?"

பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். அதற்கடுத்த கட்டிலையும் பார்த்தேன். வரிசையாக இருபத்தொன்பது வாய்கள்.

"எச்சில்" என்றார் அந்த அம்மாள். வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதுபோல் பல்லைக் கடித்துக்கொண்டார்.

இதை அப்போதே சிஸ்டரிடம் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் 'ஒரு கட்டில் கொடுத்தேன், அதைக்கூடச் சமாளிக்கத் தெரியவில்லை' என்று மூன்றாவது புள்ளி விழுமோ என்ற பயம். பயத்துக்கு மேலே கொஞ்சம் கர்வம். புழு வீட்டில் என் அம்மா எந்தக் கண்ணாடிக் குழாயை வைத்துப் பார்த்தாள்? உள்ளே நுழைந்ததும் கன்னத்தில் படும் காற்றை வைத்தே கணப்பு மூட்டவேண்டுமா, ஈரச்சாக்குப் போடவேண்டுமா என்று சொல்லிவிடுவாள். அவள் மகள் நான். அந்த அம்மாளின் நெற்றியில் கையை வைத்தேன். நூறு டிகிரி என்று கை சொன்னது. எழுதினேன்.

அடுத்த தடவை நூறு புள்ளி இரண்டு என்று எழுதினேன். அதற்கடுத்தது தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு. கை எப்படிப் புள்ளிக்கணக்கெல்லாம் சொல்லும் என்று கேட்கவேண்டாம். வெறும் நூறு என்று எழுதினால் மொட்டையாக இருந்தது. என் பொய்க்கு நானே மூக்குத்தி போட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் போயிற்று. இங்கிலீஷ் எண்களை நான் அழகாக எழுதுவேன். சிஸ்டர் மற்றப் பெண்களை அழைத்து வந்து, "சார்ட்னா இப்படி இருக்கணும் நோடுங்க" என்று என் சார்ட்டைக் காட்டினார். மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அன்று என் பங்குச் சோற்றைப் பக்கத்துப் பெண் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணி. நான் வழக்கம்போல் அந்த அம்மாளின் போர்வையைச் சரி செய்தேன். வழக்கமாக வரும் திட்டு வரவில்லை. போர்வையின் கரை மாறிவிட்டது என்றோ, அவருடைய கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரிச் சொம்பை வைத்துவிட்டேன் என்றோ ஏதாவது ஒரு குற்றம் தினமும் கிடைக்கும். அன்று ஒன்றுமில்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது. யாரிடமோ முணுமுணுவென்று பேசிக்கொண்டிருந்தார். நெற்றியில் கை வைத்தேன். நூறு என்றது கை. மறுபடி வைத்தேன். நூறேதான்.

என் கையைத் திருப்பிப் பார்த்தேன். சிவந்து வெந்திருந்தது. அப்போதுதான் கொதிகலத்திலிருந்து வெந்நீர் பிடித்து, ஒரு மணி நேரமாகக் கிண்ணங்களையும் கருவிகளையும் கழுவிவிட்டு வந்திருந்தேன். தினமும் அப்படித்தான். கழுவுவேன், துடைப்பேன், நேரே வந்து நெற்றியைத் தொடுவேன். கொதிக்கிற கை கொதிக்கிற நெற்றியைத் தொட்டால் என்ன தெரியும்? புறங்கழுத்தைக் குனிந்து என் கன்னத்தால் தொட்டுப் பார்த்தேன். அடுப்பில் முகம் வைத்ததுபோல் இருந்தது.

வார்டுக்குள் ஓடக்கூடாது என்பது விதி. ஓடினேன்.

சிஸ்டர் மருந்து அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தார். "சிஸ்டர், கடைசிக் கட்டிலுக்கு நான் தெர்மாமீட்டர் வெக்கவே இல்லீங்க" என்றேன்.

"இன்னிக்கா?"

"என்னைக்குமே இல்லீங்க. அவுங்க வாயத் தொறக்கல. நானாத் தொட்டுப் பாத்து எழுதுனனுங்க."

சாவி பூட்டிலேயே நின்றது. "எத்தனை தடவை?"

"பதினொண்ணுங்க."

"அதுல எத்தனை பொய்?"

"பதினொண்ணும்."

அவர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்பினார். என் பக்கம் திரும்பி, "டாக்டர் வந்தா முதல்ல கேக்கறது டெம்பரேச்சர். அவங்க வர்றதுக்குள்ள எனக்கு ஒரு நிஜமான நம்பர் வேணும். எப்படி வாங்குவியோ, போ. பேகா, சீக்கிரம்" என்றார்.

போனேன். தெர்மாமீட்டரைப் பார்த்ததும் அந்த அரை நினைவிலும் அம்மாளின் பல் கிட்டிக்கொண்டது. நினைவு தப்பினாலும் ஆசாரம் தப்பவில்லை.

"வாயில வேண்டாமுங்கம்மா. அக்குள்ள வெக்கறனுங்க."

"எச்சில் கண்ணாடி... மேல படப்படாது."

"உங்க சொம்புத் தண்ணியிலயே கழுவறேன்."

"எதால பிடிப்பே? உன் கையாலயா?"

அங்கேதான் எனக்கு மூளை வேலை செய்தது. பால் கொண்டு வரும் அவருடைய நாத்தனார் எப்போதும் பட்டுப் புடவையில் வருவதைப் பார்த்திருந்தேன். பருத்திக்குத் தீட்டு ஒட்டும், பட்டுக்கு ஒட்டாது என்று அவர்களே பேசிக்கொண்டதையும் கேட்டிருந்தேன். விடுதிக்கு ஓடினேன். பெட்டியைத் திறந்து, சர்ட்டிபிகேட்டை உருவிப் படுக்கையில் போட்டுவிட்டுத் துணியோடு திரும்பினேன். தெர்மாமீட்டரை மருந்துத் தண்ணீரில் ஒருமுறை, அவருடைய சொம்புத் தண்ணீரில் ஒருமுறை கழுவி, நுனியில் இருக்கும் பாதரசக் குமிழை மட்டும் வெளியே விட்டு, மீதியைப் பட்டில் சுற்றிக் காட்டினேன்.

அம்மாள் ஒரு கண்ணைத் திறந்தார். விரலால் துணியைத் தடவினார். காய்ச்சலிலும் பட்டு பட்டுதான் என்று அந்த விரலுக்குத் தெரிந்திருந்தது.

"அசல்தானா?"

"எங்க வீட்டுதுங்கம்மா."

"அப்போ சரி" என்று கையைத் தூக்கினார்.

அந்த ஒரு முழத்துக்காக எத்தனை நூறு புழுக்களைக் கூட்டோடு கொதிக்கும் பானையில் போட்டிருப்போம், அந்தப் பானையின் நாற்றம் எத்தனை வீடு தாண்டி வீசும், நூலை இழுக்கும்போது விரல் இடுக்கில் என்னென்ன ஒட்டும் என்பதையெல்லாம் நான் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் வாயை மூடவும் கொஞ்சம் கற்றிருந்தேன்.

ஐந்து நிமிடம் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். நூற்று மூன்று புள்ளி நான்கு. என் கை சொன்னதற்கும் இதற்கும் நடுவில் ஒரு மனுஷி போயிருக்கலாம். அந்த எண்ணை ஓடிப்போய்ச் சிஸ்டரிடம் சொன்னேன்.

டாக்டரம்மா வந்தார். அன்று சாயந்திரம் வரை நான்தான் ஈரத்துணியால் அந்த அம்மாளின் கை கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அரைமணிக்கு ஒருதரம் பட்டு சுற்றிய தெர்மாமீட்டர் போய் வந்தது. நூற்று மூன்று. நூற்று இரண்டு புள்ளி ஆறு. நூற்று இரண்டு. இந்த முறை புள்ளிகள் அதுவாக வந்தன. விளக்கு ஏற்றும் நேரத்தில் அம்மாள் கண்ணைத் திறந்து, "ஏண்டி, இப்படித் தண்ணியக் கொட்டி மெத்தையை நனைச்சு வெச்சிருக்கே?" என்றார். என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான வசவை நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை மூன்றாவது புள்ளியோடு மேட்ரன் முன்னால் நின்றேன். இங்கிலாந்திலிருந்து வந்த அவர் என் சார்ட்டை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். சிஸ்டர் மொழிபெயர்த்தார்.

"உன் கை நூறு என்றது. தெர்மாமீட்டர் நூற்று மூன்றுக்கு மேல் என்றது. இனி எதை நம்புவாய்?"

"தெர்மாமீட்டரை."

"சிஸ்டர் கண்டுபிடித்தாரா, நீயாகச் சொன்னாயா?"

நான் வாய் திறப்பதற்குள் சிஸ்டர் என்னவோ இங்கிலீஷில் வேகமாகச் சொன்னார். அதில் 'சில்க்' என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. மேட்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற சாக்கில் சிரித்தார் என்று நான் இன்னும் நம்புகிறேன். பிறகு சிவப்பு மைப் பேனாவை என்னிடம் நீட்டினார். என் அழகான எண்கள் ஒவ்வொன்றின் மேலும் கோடு போட்டு, பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று இங்கிலீஷில் எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். பதினொரு தடவை போட்டேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கையெழுத்துப் போடக் கற்றவள் நான். அதை அன்றைக்கு வெட்கத்தோடு போட்டேன்.

வீட்டுக்கு அனுப்பவில்லை. மூன்று மாதத்தோடு இன்னொரு மாதம் சேர்த்துவிட்டார். அந்த மாதம் முழுக்க நான் எடுத்த ஒவ்வொரு சூட்டையும் சிஸ்டர் மறுபடி எடுத்துப் பார்த்தார். எண்கள் ஒத்துப் போகும்போதெல்லாம் அவர் ஏமாந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்வார். மாதக் கடைசியில் தொப்பியை என் தலையில் குத்தியவரும் அவர்தான். ஊசியைக் கொஞ்சம் அழுத்தித்தான் குத்தினார். பட்டுத் துணி எனக்குத் திரும்பி வரவில்லை. ஆசாரக்காரர்களுக்கு என்று வார்டு மேஜையின் டிராயரில் தங்கிவிட்டது. சர்ட்டிபிகேட் இப்போது பழைய கன்னடப் பத்திரிகைத் தாளில் சுற்றியிருக்கிறது.

மூன்று வருடம் படித்து, பரீட்சை தேறி, போன மாதம் அந்நிய தேசத்து முத்திரை வைத்த இன்னொரு காகிதமும் வாங்கினேன். சாமராஜநகரில் ஆறு கட்டில் வைத்த சின்ன ஆஸ்பத்திரிக்கு ஒரு நர்ஸ் கேட்டிருந்தார்கள். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மேலே சிஸ்டர் கிடையாது, மேட்ரன் கிடையாது, நோட்டுப் புத்தகம் வைத்துப் புள்ளி போட ஆள் கிடையாது. எழுதுவது எல்லாம் எழுதினபடியே நிற்கும். அப்படிப்பட்ட இடத்துக்கு யார் போகிறீர்கள் என்று சிஸ்டர் வகுப்பில் கேட்டுவிட்டு, மற்றவர்களைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்தார். கையைத் தூக்கினேன்.

சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்கினேன். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்த பியூன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, புது நர்ஸம்மா பின்னால் வருகிறார்களா என்று கன்னடத்தில் விசாரித்தார். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, வார்டுச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.